மாற்று லாட்ஜ்

ஏற்காட்டில் சின்ன லாட்ஜ் நடத்துகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து, எந்த ஆபத்து வந்தாலும் தொழில் நிற்காமலிருக்க ஒரு திட்டம் போட்டுக்கொடுத்தார், கீழேயிருந்து வந்த நிபுணர் ஒருவர். ஒவ்வொரு லாட்ஜுக்கும் ஒரு மாற்று லாட்ஜ். மேகலாவின் லாட்ஜுக்கு மாற்று, மேட்டிலிருக்கும் பிரகாஷ் லாட்ஜ். பிரகாஷ் லாட்ஜுக்கு மாற்று, மேகலாவின் லாட்ஜ். அடடா, என்ன பொருத்தம்! எல்லாரும் கைதட்டினார்கள். இதில் கோளாறு இருப்பதாக ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் மலைப்பாதையில் பாறை உருண்டது. மலைக்கு இன்னொரு வழியான குப்பனூர் பாதையில் மரம் சாய்ந்தது. கேஸ் லாரி அடிவாரத்திலேயே நின்றுவிட்டது; மேகலாவின் சமையலறையில் கேஸ் தீர்ந்தது. அன்று பார்த்து மேகலாவிடம் சேலத்துக் கம்பெனி ஆட்கள் இருபது பேர் தங்கியிருந்தார்கள். அவர்கள் மனம் குளிர்ந்தால், வருஷம் முழுக்க அந்தக் கம்பெனியின் பயிற்சி முகாம்கள் அவளுக்குத்தான். இல்லையென்றால் லாட்ஜை இழுத்து மூடவேண்டியதுதான்.

"பின்னால வெறகு கெடக்குதுங்க அம்மிணி, மூட்டிரட்டுங்களா?" என்று கேட்டாள் சமையல்காரி ராணி.

"திட்டத்துல வெறகே இல்ல ராணி."

திட்டப்படி முதலில் ஆட்களை அனுப்பவேண்டும், போன் அப்புறம். இருபது பேருக்கும் குடை கொடுத்து மேட்டுக்கு ஏற்றிவிட்டாள் மேகலா. பாதி வழியில் எதிரே இன்னொரு கூட்டம் குடையோடு இறங்கி வந்தது. இரண்டு கூட்டமும் சிரித்து வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயின.

"ஏனுங்ணா, உங்க ஆளுங்க இங்க வந்து நிக்கறாங்க!" என்று போனில் அலறினாள் மேகலா.

"உன்ற ஆளுங்க இங்க நிக்கறாங்களே அம்மிணி!" என்றார் பிரகாஷ். "இங்கயும் கேஸ் தீந்துபோச்சு. பிஸ்கட்டு குடுத்து உக்கார வெச்சிருக்கறேன்."

மழை வலுத்தது. திரும்ப மாற்றிக்கொள்ள யாருக்கும் தெம்பில்லை. பசித்த முகங்களைப் பார்த்து மேகலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று தானே போய் விறகை அள்ளினாள். ராணி மிளகு தட்டிப்போட்டு வெண்பொங்கல் கிண்டினாள். பிரகாஷின் விருந்தாளிகள் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள்.

பாதை திறந்ததும் ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் போனில் ஸ்டார் போட்டார்கள். பதிவு செய்த லாட்ஜுக்குத்தானே போடமுடியும்? பிரகாஷ் லாட்ஜுக்கு ஐந்து ஸ்டார்: 'பொங்கலுக்காகவே வரலாம்.' மேகலாவின் லாட்ஜுக்கு ஒன்று: 'பிஸ்கட் மட்டும்தான்.'

கம்பெனி முதலாளி, சொந்த ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டாரைப் பார்த்தே முடிவெடுக்கிறவர். அவரே மேகலாவைக் கூப்பிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. முகாமெல்லாம் பிரகாஷ் லாட்ஜுலயே வெச்சுக்கறோம். அங்க பொங்கல் நொம்ப நல்லாருக்குமாமே?"

"ஐயோ, அது நாங்க ஆக்குன பொங்கலுங்க!"

"அப்படிங்களா?" என்றார் முதலாளி. "அப்ப எங்க ஆளுங்களுக்கு ஏனுங்க போடல?"