மாதிரி வீட்டுக்கு வந்தவர்

தேங்காய் முப்பத்தெட்டு ரூபாய் விற்ற ஒரு திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியின் மனையியல் வகுப்பில் ஒரு குடும்பத் தலைவர் தோன்றியிருந்தார். வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, கையில் அன்றைய செய்தித்தாள். கதவைத் திறந்த பெண்களை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. காபி இன்னும் வரவில்லையா என்று மட்டும் கேட்டார்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. அந்த வகுப்பறையில் மாதிரி வீடு என்று ஒரு மூலை உண்டு: கேஸ் அடுப்பு, தொட்டி, சாப்பாட்டு மேசை, கைவைத்த நாற்காலி ஒன்று. நாற்பது வருடமாகச் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பெண்ணும் சமைத்து, முதல் தட்டை அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்து, ‘குடும்பத் தலைவருக்கு’ என்று சொல்லி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். நாற்பது வருடம் பொங்கலும் அப்பளமும் பார்த்த நாற்காலி எவ்வளவு காலம்தான் காலியாகவே கிடக்கும்?

ஊர் இப்படி யோசிக்கவில்லை. மனையியல் ஆசிரியை லோகநாயகிக்கு வயது ஐம்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை, சொந்தமாக ஸ்கூட்டர் வைத்திருந்தார். சந்தேகத்துக்கு இது போதாதா? பள்ளிக் காவலாளி கண்ணாயிரம் அவருடைய டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்த்து, ஒருத்தர் சாப்பாட்டுக் கனமில்லை என்றார். அந்தப் பேச்சு மின்சார ரயிலேறி சிங்கப்பெருமாள் கோயில் போய்த் திரும்புவதற்குள் லோகநாயகிக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தது இன்ஜினியரிங் முடித்திருந்தது. மாமல்லபுரத்திலிருந்து சிற்பி மோகன் உளியோடு வந்து, அந்த மனிதரின் தோளைத் தட்டிக் கேட்டு, கல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு போலீஸ்காரர்கள் தூக்கினார்கள். நாற்காலி வந்தது, அவர் வரவில்லை; உட்கார்ந்த வாக்கில் அந்தரத்தில் இருந்தபடி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மாணவிகள் ஒவ்வொருத்திக்கும் அவர் முகத்தில் தன் அப்பாவின் சாயல் தெரிந்தது. லோகநாயகிக்கு மட்டும் யார் சாயலும் தெரியவில்லை. அதை அவர் உள்ளபடி சொன்னதுதான் வினையாகப் போயிற்று; அப்பா இல்லையென்றால் புருஷன்தான் என்றது ஊர்.

வெள்ளிக்கிழமை விசாரணை என்று கல்வித் துறையிலிருந்து தகவல் வந்தது. அந்த ஆளைக் கொண்டுவந்து வைத்தது அவர்தான் என்று முடிவானால் வேலை போகும், ஓய்வூதியமும் போகும்.

அண்ணன்மார் மூன்று பேருக்குத் தட்டு கழுவிக் கை வெளுத்த தமிழ்ச்செல்வி என்ற பிளஸ் டூ மாணவிதான் வழி சொன்னாள். “மிஸ், நாமதான் போட்டுப் போட்டு வர வெச்சோம். இனிமே ஒரு வாய் தண்ணிகூட குடுக்காதீங்க. தானா பூடுவாரு.”

நிறுத்தினார்கள். செவ்வாயன்று அவர் குரல் கம்மியது. புதனன்று வேட்டி வழியே சுவரின் நீலம் தெரிந்தது. வியாழனன்று செய்தித்தாள்தான் கெட்டியாக இருந்தது, பிடித்திருந்த விரல்கள் ஆவியைப் போல ஆடின. ஆனாலும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி, பார்த்ததும் பாதி முடிவுக்கு வந்துவிட்டார். “ஆளே இளைச்சு நூலாயிட்டாரு. வீட்ல சண்டையாம்மா?” என்று லோகநாயகியிடம் கேட்டார். பெருக்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஆசிரியை வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி கிறீச்சிட்டது.

குடும்பத் தலைவர் எழுந்தார். தள்ளாடி அடுப்பருகே போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் நகரவில்லை. “லைட்டரு எடது பக்கம் கீது, நைனா,” என்றாள் தமிழ்ச்செல்வி, கையைக் கட்டிக்கொண்டு. பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது. கிடைத்ததைக் காபியாக்கிக் குடித்தார். குடிக்கக் குடிக்க விரல் கெட்டியானது, வேட்டி வெளுத்தது. பிறகு டம்ளரைத் தொட்டியில் கழுவி, கவிழ்த்து வைத்து, மேடையையும் துடைத்தார்.

பள்ளியைப் பெருக்கும் வேண்டா, காவலாளி கண்ணாயிரத்தின் மனைவி, துடைப்பத்தைக் கீழே போட்டாள். “சார், நல்லா எழுதிக்கோ. இது ஆம்பளையே இல்ல. கண்ணாலம் ஆகி இருவத்தாறு வருசமாவுது, எங்க வூட்டுக்காரரு ஒரு டம்ளர் கழுவி நான் பாத்ததில்ல.”

ஜன்னலில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் தத்தம் வீட்டைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அதிகாரி தன் வீட்டுச் சமையலறையைச் சற்று நேரம் நினைத்துப் பார்த்தார். பள்ளியில் ஆண் யாரும் ஒளித்து வைக்கப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். லோகநாயகி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், ஒரு தட்டு வறுத்த மீனைத் தனியாகத் தின்றுவிட்டு வந்தார்.

அந்த வருடச் செய்முறைத் தேர்வில் தமிழ்ச்செல்வி முதல் தட்டைத் தனக்கே வைத்துக்கொண்டாள். யாரும் மதிப்பெண் குறைக்கவில்லை. குடும்பத் தலைவர் தன் தட்டைத் தானே போட்டுக்கொண்டார். இப்போது அவர் ரசம் வைக்கிறார், கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறார். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களிலிருந்துகூட பெண் வீட்டார் பேருந்தில் மாப்பிள்ளைகளைக் கூட்டிவந்து அவரைக் காட்டுகிறார்கள்.

கண்ணாயிரத்துக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. யாரும் பார்க்காதபோதும் அந்த ஆள் டம்ளர் கழுவுகிறாரா என்று தினமும் பின்பக்க ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார். கழுவுகிறார்.