மேடைக்கு மட்டும்

"கழுத்துப் பொத்தான் வேண்டாம் அண்ணி, அவன் போட்டதே இல்ல" என்று சொல்லி, சவப்பெட்டிக்குள் கிடந்த அண்ணனின் சட்டையிலிருந்து அண்ணியின் கையை மெதுவாக விலக்கினாள் பொடிசு.

"கடைசிப் பத்து வருஷமா மேடையில போட்டாரு. இருமலுக்கு" என்றாள் அண்ணி.

பொடிசுக்கு அது தெரியாது. பொத்தானை அண்ணியே போட்டாள்.

ஐம்பத்தொரு வயதில், ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கும் ஒருத்தியை இன்னும் பொடிசு என்று கூப்பிடுவது நியாயமா என்றால், இல்லைதான். பெயரை வைத்தவன் அண்ணன். நாலு பேராகச் சேர்ந்து பேண்டு ஆரம்பித்தபோது அவளுக்குப் பதினெட்டு. மைக் எட்டாமல் ஒரு பலகைமேல் ஏறி நின்று பாடுவாள். முதல் குரல் அவன், கூடவே இழைந்து போகும் இரண்டாம் குரல் அவள். சலவைக்கடை மாடியில்தான் ரிகர்சல். கீழே இயந்திரங்கள் ஓடினால் மேலே தரையே தாளம் போடும். ஆட்களும் வாத்தியங்களும் ஒரே வேனில் அடைந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டே தூங்குவாள். எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை! மூன்று கேசட்டுகள் வந்தன. மூன்றும் பஸ்ஸில் எல்லாம் ஓடின.

நாலாவதுக்குப் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு கம்பெனி அவனை மட்டும் கூப்பிட்டது. போனான். போனதுகூடப் பரவாயில்லை, பழகிக்கொண்டிருந்த பாட்டையும் கையோடு எடுத்துப் போனான். அதுதான் அவனுடைய முதல் தனிப்பாட்டு. ஊரே பாடியது. ரெக்கார்டில் இரண்டாம் குரல் வேறு யாரோ ஒரு பெண்.

"என் குரல் ஆகலையா?" என்று கேட்டாள்.

"கம்பெனி முடிவு, பொடிசு" என்றான்.

அவள் நம்பவில்லை. தன் குரல் தேறாது என்றுதான் கழற்றிவிட்டான் என்று மனதில் எழுதிக்கொண்டாள். அண்ணன் வீட்டுக்குப் போனாள், சிரித்துப் பேசினாள், அவன் மகளைத் தூக்கி வளர்த்தாள். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவன் கச்சேரி ஒன்றுக்கும் போனதில்லை. பாஸ் வரும், நேராக மேஜை இழுப்பறைக்குள் போகும். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

அஞ்சலிக்குப் பத்து மணிக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. அன்றைக்கு நாற்காலிமேல் ஏறி ஆடிய ரசிகர்கள், இன்றைக்கு நாற்காலி தேடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேண்டில் டிரம்ஸ் அடித்த டமாரம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினான்.

அண்ணன் மகள் வந்து காதருகே குனிந்தாள். "அத்தை, அப்பாவோட அந்த முதல் பாட்ட நீங்க பாடுங்களேன்."

"ரயில் லேட்டுன்னு சொல்றதுக்குத்தான்மா இந்தக் குரல். வேற ஆளப் பாரு."

"அப்போ சவுண்டு மாமா மேடை டிராக்கப் போடட்டும். எல்லாரும் சேர்ந்து பாடிடலாம்."

"போடட்டும்" என்றாள் பொடிசு. எவளோ பாடியதை உட்கார்ந்து கேட்க வேண்டுமே என்று பற்றிக்கொண்டு வந்தது. செத்துப் போனவன்மேல் கோபப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சவுண்டுக்காரர் அண்ணனோடு இருபது வருஷம் சுற்றியவர். லேப்டாப்பில் ஏதோ தட்டினார். கிட்டார் ஆரம்பித்தது. அண்ணன் மேடையில் நேரில் பாடுகிறவன் என்பதால், பின்னணிக்கு ஓடும் அந்த டிராக்கில் அவன் இடம் காலி. அந்த இடத்தைக் கூட்டம் பாடி நிரப்பியது. இரண்டாவது வரியில் ஒரு பெண் குரல் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் எங்கோ இயந்திரம் ஓடும் சத்தம்.

டமாரம் கைக்குட்டையை இறக்கினான். "பொடிசு, இது நீதான்."

அவள் எழுந்து போய் சவுண்டுக்காரரின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "இது எங்கேருந்து கெடச்சுது?"

"உங்க பழைய ரிகர்சல் கேசட்லேருந்துதான் அக்கா. ரெக்கார்டுலதான் வேற பொண்ணு. மேடைக்கு எப்பவும் இதுதான். வேற குரலப் போட்டா சார் பாடவே மாட்டாரு." அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே."

"அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"'அவளே வந்து கேக்கட்டும்'னு சொல்வாரு."

அவனுக்கும் அதே பிடிவாதம். கச்சேரிக்கு வந்த அத்தனை பேரும் கேட்ட குரலை அவள் மட்டும் கேட்கவில்லை. இழுப்பறையில் கிடக்கும் பாஸ்களை நினைத்துக்கொண்டாள். எத்தனை வருஷங்களை வீணடித்துவிட்டோம் என்று அழுகை முட்டியது.

பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய இடம் அது. இந்தக் கேசட் பதிவான அன்றைக்கு அவள் அவசரப்பட்டு, தாளத்தில் ஒரு தட்டு முன்னாலேயே நுழைந்துவிட்டாள். பாட்டு முடிந்ததும் அண்ணன் எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினான். அதற்கப்புறம் ஒரு மாதம் தொடையில் விரலால் தட்டித் தட்டி அதைத் திருத்திக்கொண்டாள். திருத்தியதை அவனுக்குப் பாடிக் காட்டுவதற்குள் அவன் போய்விட்டான்.

இப்போது வாய் தானாகத் திறந்தது.

அண்ணி, மகள், வாத்தியக்காரர்கள், முழங்கால் வலிக்கார ரசிகர்கள் என்று மண்டபம் மொத்தமும் ஒரு தட்டு முன்னாலேயே, கேசட்டில் இருந்த பெண்ணோடு சேர்ந்து சரணத்தை எடுத்தது. மேடையில் அவன் அப்படித்தான் எடுத்துப் பழக்கியிருந்தான்.

பொடிசு மட்டும் சரியான இடத்தில் ஆரம்பித்து, எல்லாருக்கும் பின்னால் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள்.