தாளில் ஐந்து மணி நேரம்

காலை ஐந்தே கால். அறுவை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, வெட்டிய வயிற்றை அகட்டி வைக்கும் கொக்கியை இழுத்துப் பிடித்திருந்தாள் இம்கே தாமன். இரண்டு மணி நேரமாக அதே பிடி. வெடித்த குடலின் நாற்றம் முகக்கவசத்தைத் தாண்டி மூக்கில் ஏறியது. தோளில் தொடங்கிய குடைச்சல் கீழே இறங்கி விரல்கள் மரத்துப் போயிருந்தன.

"இன்னும் கொஞ்சம் இழு," என்றார் சீனியர் டாக்டர். இழுத்தாள். நேற்றுக் காலை ஏழு மணிக்கு வந்தவள், இதுவரை முதுகைச் சாய்க்கவில்லை.

ஐந்தாம் ஆண்டுப் பயிற்சி டாக்டர் அவள். கத்தி அவள் கையில் இருக்க வேண்டிய ஆண்டு. வேசர் ஆற்றங்கரையின் இந்த ஆஸ்பத்திரியைக் கம்பெனி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வோர் அறுவைக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்துவிட்டார்கள். கற்றுக்கொடுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? கத்தி பெரியவர்களுக்கு, கொக்கி சின்னவர்களுக்கு.

வயிற்றைத் தைத்து மூடியபோது ஆறரை. உடை மாற்றும் அறையில் ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பகல் பணிக்கு வந்த மாஜித் எட்டிப் பார்த்தான். அலெப்போவில் படித்துவிட்டு இங்கே மூன்று வருடமாக அவளோடு கொக்கி பிடிப்பவன்.

"என்னத்த முழிச்சு முழிச்சுப் பாக்குற? அஞ்சுன்னு போட்டுட்டுக் கிளம்பு."

இரவுப் பணி பார்த்தவர் எத்தனை மணி நேரம் படுத்தார் என்று எழுதும் தாள் அது. ஐந்து மணி நேரமாவது படுத்திருந்தால்தான் விதிப்படி ஒரே ஆளை இருபத்தாறு மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். இல்லாவிட்டால் இன்னொரு டாக்டரை வேலைக்கு எடுக்க வேண்டும். ஆகவே இங்கே யாரும் தூங்குவதில்லை, எல்லோரும் ஐந்து என்று எழுதுகிறார்கள். யாரும் மிரட்டி எழுத வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கூட இருப்பவர்கள் சொல்லித் தந்துவிடுவார்கள். இம்கேயும் அப்படித்தான் கற்றாள். அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த டீலோவுக்கு அவள்தான் சொல்லித் தந்தாள்.

அந்த டீலோ மூன்று வாரத்துக்கு முன் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணசந்து காரை மரத்தில் மோதினான். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அறுவை டாக்டருக்கு அதற்கப்புறம் என்ன மிச்சம்? விபத்துக் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து நேற்று அவனுக்குக் கடிதம் வந்தது. நிர்வாகம் அனுப்பிய தாளில் ஐந்து மணி நேரம் தூங்கியதாக நீங்களே கைப்பட எழுதியிருக்கிறீர்கள், எனவே இது வேலைக் களைப்பல்ல, உங்கள் கவனக்குறைவு, இழப்பீடு கிடையாது என்றது கடிதம்.

"அவன மாட்டிவிட்டது நம்ம அஞ்சுதான், மாஜித்," என்றாள் இம்கே.

"தெரியும். ஆனா இன்னிக்கு மத்தியானம் நீ இதுவரைக்கும் செஞ்ச அறுவைங்களோட பட்டியல்ல புரொபசர் கையெழுத்துப் போடணும். அது இல்லாம உனக்குப் பரீட்சை கிடையாது. நாளைக்கு எழுதேன் உன் நியாயத்தையெல்லாம்."

"நாளைக்கு நைட் டூட்டி உனக்கா எனக்கா?"

சுவரில் ஒட்டியிருந்த பணி அட்டவணையில் அவன் பெயர்தான் இருந்தது.

ஏழே காலுக்குக் காலைக் கூட்டம். நீள மேஜை, ஆறிய காபி, நடுவில் புதன்கிழமைப் பழக்கூடை. 'உங்கள் நலமே எங்கள் நலம்' என்று அதில் ஓர் அட்டை. போன மாதம் மூச்சுப் பயிற்சி வகுப்பும் நடத்தினார்கள். வாழைப்பழம் கொடுத்தார்கள், மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார்கள், தூங்க மட்டும் விடவில்லை.

தலைமை மருத்துவர் புரொபசர் டிரெஸ்ஸல் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் கேட்பதைக் கேட்டார். "ராத்திரி குறிப்பா எதாவது உண்டா?"

'எதுவும் இல்லை' என்று சொல்லித் தாளை நீட்டுவது வழக்கம். இம்கே எழுந்து நின்றாள்.

"இருக்கு, புரொபசர்."

தாளை வாங்கிப் பார்த்தவரின் புருவம் ஏறியது. "பூஜ்யமா? எண் தப்பா விழுந்திருக்கு, டாக்டர் தாமன்."

"இல்ல. இத்தன வருஷமா போட்டதுதான் தப்பு."

"நீங்க களைச்சுப் போயிருக்கீங்க."

"அதத்தான் எழுதியிருக்கேன்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். டிரெஸ்ஸல் குரலைத் தாழ்த்தினார். "எங்க காலத்துல மூணு நாள் தொடர்ந்து நின்னோம். உங்க பட்டியல் என் மேஜைலதான் கிடக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. டீலோவோட கையும் ஞாபகம் இருக்கு."

"அவர் தூங்கினேன்னு அவரே எழுதியிருக்காரு. உங்கள யாராவது பொய் எழுதச் சொன்னாங்களா? நான் சொன்னேனா?"

அவர் சொன்னதில்லைதான். அதுதான் அவர் சாமர்த்தியம்.

வாசலில் இருந்து ஒரு குரல் வந்தது. இரவு நர்ஸ் குட்ருன், கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவள், வார்டு நோட்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றாள். "ராத்திரி இந்தப் பொண்ணுக்கு நான் பதினேழு தடவ போன் போட்டேன். எல்லாம் மணியோட இதுல இருக்கு. டீலோ நின்ன ராத்திரியும் இருக்கு. வேணுமா, படிக்கட்டுமா?"

"இது டாக்டர்கள் கூட்டம், சிஸ்டர்."

"ராத்திரி கூப்பிடுறப்ப அப்படி யாரும் சொல்லலியே."

மாஜித் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். இந்த வேலை போனால் அவனுக்கு இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் ஆட்டம் காணும். எல்லோருக்கும் அது தெரியும். "போன செவ்வாய்க்கிழமை நான் எழுதின அஞ்சும் பொய்," என்றான்.

"என்னோடதும்," என்றது இன்னொரு குரல். பிறகு இன்னொன்று. இம்கேயோடு சேர்த்து, மேஜையைச் சுற்றி இருந்த பயிற்சி டாக்டர்கள் ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"எல்லாம் நீங்க கைப்பட எழுதினது!" டிரெஸ்ஸலின் முகம் சிவந்தது.

"ஆமா," என்றாள் இம்கே. "நாங்க எழுதினோம். நாங்களே கோடு போட்டு அடிக்கிறோம்."

அன்று மதியம் கையெழுத்து விழவில்லை. பட்டியல் வெறுமனே திரும்பி வந்தது. இம்கே ஓய்வறையில் கொஞ்சம் அழுதாள், வெட்கப்படாமல். பிறகு எட்டுப் பேராக உட்கார்ந்து காப்பீட்டுக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். எட்டாவது ஆள் குட்ருன், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். எழுதி முடித்ததும் இம்கேயின் கார் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "நீ பஸ்ல போ, பொண்ணே. இன்னொரு மரம் வேண்டாம்."

வெள்ளிக்கிழமை காலை ஏழே கால். இரவெல்லாம் நின்ற மாஜித், கண் சிவந்து, தாளை மேஜை மேல் வைத்தான். பூஜ்யம். அதற்குக் கீழே ஏழு கையெழுத்துகள்.

டிரெஸ்ஸல் தாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ராத்திரி எதாவது உண்டா என்ற தினசரிக் கேள்வியை அன்று அவர் கேட்கவே இல்லை.

கேட்காமலே ஏழு பேரும் எழுந்து நின்றார்கள்.

"இருக்கு, புரொபசர்."