தங்கை மொழியின் குரல்

உலகத்து மொழிகளுக்கெல்லாம் நான்தான் தாய்மாமன். எது எதற்கு அக்கா, எது தங்கை என்று தூக்கத்திலும் சொல்வேன். ஓய்வு பெறும்வரை மொழிப் பதிவகத்தில் ஒலிநாடாக்களை மொழிக் குடும்பவாரியாக அடுக்கியவன்.

டாக்டரான என் மைத்துனன் நம்பவில்லை.

"அளக்காதீங்க அத்தான். என் வார்டுல ஒரு அம்மா பேசுறது யாருக்கும் புரியல. சாப்பாட்டையும் தொடல. அவங்கள சாப்பிட வைங்க, பாப்போம்."

பதிவகத்து நாடாக்களை வார்டுக்குக் கொண்டுபோய், மொழிக் குடும்பத்துக்கு ஒன்றாக ஓடவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் அந்த அம்மாவின் முகம் திரும்பியது. அந்தக் குடும்பத்துக்குள் கிளை கிளையாகத் தேடினேன். அவருடைய மொழி என்னிடம் இல்லை. அதன் தங்கை மொழிதான் இருந்தது. நாடாவில் ஒரு பெண் தன் மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

அந்த அம்மா அழுதார். பதில் சொன்னார். நர்ஸ் நீட்டிய கரண்டிக்கு வாய் திறந்தார்.

மைத்துனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"நடந்துச்சு அத்தான். நானே பாத்தேன்."