வெண்டல் எழுப்பிய கோஷம்

ஒப்பந்தம் முடிந்த நல்ல ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் அள்ளிக்கொண்டு போக, அமெரிக்காவின் டொலீடோ நகரக் கால்பந்து அணியின் முதலாளி இந்த வருடமும் சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அதான், அணியை வித்துத் தொலைன்னு வருஷக்கணக்கா கத்துறேன்," என்று மதுக்கடையில் அணியின் ரசிகர் வெண்டல் முழங்கினார். மைதானத்தில் அந்தக் கோஷத்தைத் தொடங்கிவைத்தவரே அவர்தான்.

நண்பர் டெல்மர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "வித்துட்டான்ப்பா. வாங்கினவன் டெக்சாஸ்காரன். அணியை அங்கேயே கொண்டுபோறானாம்."

அணி இல்லாத டொலீடோவை வெண்டலால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

'ரசிகர்களின் நெடுநாள் கோரிக்கைக்குத் தலைவணங்கி விற்கிறேன்' என்ற முதலாளியின் அறிக்கையை டெல்மர் உரக்க வாசித்தார். கடையே திரும்பி வெண்டலைப் பார்த்தது.

"உள்ளூர்க்காரனுக்கு விக்கத்தானேப்பா சொன்னேன்," என்றார் வெண்டல்.

"அதையும் சேர்த்துக் கத்தியிருக்கணும்," என்றார் டெல்மர்.