கடைசித் தகடு

நாற்பது தகடுகளில் முப்பத்தொன்பது சொன்ன பேச்சைக் கேட்கும். கடைசித் தகடுதான் முரண்டு பிடிக்கும். தட்டையான பிளாஸ்டிக் தகடுகளை வளைத்து, ஒன்றின் நாக்கை அடுத்ததன் பிளவில் செருகி எழுப்பும் குமிழ்க்கூடாரம் அது. முழுக் கூடாரத்தின் விறைப்பும் கடைசித் தகட்டில் வந்து கூடிவிடும். வெளியே நிற்பவர் பெல்ட் போட்டு அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் நாக்கை மாட்டிவிட்டு இரண்டு முறை தட்டுவார். அதன் பிறகே பெல்ட்டை விடலாம்.

எட்டு மாதத்துக்கு முன் உள்ளே இருந்தவர் தங்கையின் கணவர். "உள்ள இருக்கறவன் மாப்பிள்ளை, வெளிய நிக்கறவன் வாட்ச்மேன்" என்று வெளியே பெல்ட் பிடித்திருந்த அவள் அண்ணனைச் சீண்டியபடியே போனவர். இரண்டு தட்டு கேட்டது, அண்ணன் விட்டான். நாக்கு மாட்டியிருக்கவில்லை. தகட்டின் விளிம்பு உள்பக்கம் வீசி அவர் கழுத்தில் இறங்கியது; அங்கேயே உயிர் போயிற்று.

தட்டுச் சத்தம் கேட்டது என்று அண்ணன் எல்லாரிடமும் சொன்னான். நம்பியவர் எவரும் இல்லை. தங்கை அன்றோடு அவனை அண்ணன் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

இன்று மைதானத்தில் அதே கூடாரத்தின் கடைசித் தகடு காத்திருந்தது.

"அவர் பெல்ட் பிடிச்சா நான் உள்ள போகமாட்டேன். எனக்கு இருக்கறது ஒரு கழுத்து" என்று உள்ளே நாக்கை மாட்ட வேண்டிய வேலையாள் ஒதுங்கி நின்றார்.

தங்கை கையுறையை மாட்டினாள். "நான் போறேன். நீங்களே பிடிங்க."

"வேணாம்மா."

"அன்னிக்கு என்னதான் கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அவன் பெல்ட்டை மணிக்கட்டில் சுற்றி இழுத்தான். பால் நிறத் தகட்டுக்குப் பின்னால் அவள் நிழல் குனிந்தது. இரு கைகளும் நாக்கின் மேல் இருந்தன.

டொக். டொக்.

பழக்கத்தில் அவன் விரல்கள் தளர்ந்தன. நிழலின் கைகள் அசையவே இல்லை. அவன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டான்.

"நீயா தட்டின?"

நிழலின் தலை மட்டும் இடமும் வலமும் திரும்பியது.

"இல்ல. இன்னும் மாட்டவே இல்ல." பிறகு, தாழ்ந்த குரலில்: "எனக்கும் கேட்டுச்சுண்ணா."

"வெளிய வந்துடு. நீ வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

வாசல் வழியாக வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"உள்ள யாரும் இல்ல. இப்ப விடு."

விட்டான். பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. நாக்கு மாட்டாத அந்தத் தகடு, உள்ளிருந்து யாரோ உள்ளங்கை கொடுத்துத் தாங்குவதுபோல, உள்ளே வீசாமல் நின்ற இடத்திலேயே நின்றது.

தங்கை வாசலை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் உதறவில்லை.