எட்டு விளக்கும் போதகர் தொண்டையும்

சித்தூர்,
13.2.1984

மதிப்புக்குரிய திருமலை அவர்களுக்கு,

அசரியா எழுதிக்கொண்டது. உங்கள் திருப்பதி ரேடியோ சாமான் கடையில் நான் எட்டு சிவப்பு எல்.இ.டி. விளக்கு வாங்கிய அன்று, "மீட்டர் ஒர்க் ஆச்சான்னு ஒரு கார்டு போடுங்க சார்" என்றீர்கள். கார்டில் அடங்காது, ஆகையால் கவரில் அனுப்புகிறேன். நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். வரிசை தவறினால் என்னைப் புத்திசாலி என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும்.

எங்கள் சர்ச்சில் பதினோரு வருஷமாக மைக் செட் மேஜை என்னுடையது. சம்பளம் கிடையாது. ஆனால் கூட்டம் தொடங்குமுன் போதகர் கிருபானந்தம் ஐயாவே திரும்பிப் பார்த்து, "அசரியா, மைக்கு?" என்பார். நான் தலையசைத்த பிறகுதான் ஜெபம். முனிசிபல் ஆபீசில் டைப் அடிக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஐயா ஜெபிக்கும்போது எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பைபிளில் எரிகோ மதில் விழும் இடத்துக்கு வந்தாரானால் பக்கத்து ஊர் குடிபாலாவில் மாடு மிரளும். போன வருஷம் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்தில், குழாய் ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் ஹாரன் யூனிட் இரண்டு தடவை எரிந்துபோயிற்று. மதில் விழுந்ததை யாரும் கேட்கவில்லை. கமிட்டி செயலாளர் எலிசபெத் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தபா எரிஞ்சுதுன்னா அடுத்த வருஷம் ரங்கையா மைக் செட்டுதான். நீ பெஞ்சியில குந்திக்கினு பிரசங்கம் கேளு. பதினோரு வருஷமா நீ ஒண்ணுகூட கேக்கல."

உண்மைதான். நான் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸர் டப்பா ஒன்று செய்தேன். குரல் ஏறினால் டப்பாவுக்குள் ஒரு சின்ன பல்பு எரியும். எதிரே வெளிச்சம் பட்டால் குணம் மாறுகிற ஒரு ரெசிஸ்டர். பல்பு எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு சத்தத்தை டப்பா குறைத்துவிடும். ஏழு மாதம் ஆயிற்று. வேலை செய்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போயிற்று. ஏறாத சத்தத்தைக் கேட்டு யார் பாராட்டுவார்கள்? எவ்வளவு குறைக்கிறேன் என்று ஊர் பார்க்க ஒரு மீட்டர் வேண்டும். ஒரு படி குறைந்தால் ஒரு விளக்கு. ஆக, உங்கள் கடைக்கு நான் வந்தது ஹாரனைக் காப்பாற்ற அல்ல, என்னைக் காட்ட.

அதற்காக நாலு சனிக்கிழமை திருப்பதி பஸ். பக்கத்து வீட்டு சந்திரம்மா மறித்தாள்: "இன்னா அசரியா, வாரா வாரம் திருப்பதி போய்க்கினு கீற, எங்களுக்கு ஒரு லட்டுகூட இல்லியே?" பையைத் திறந்து எல்.இ.டி.யைக் காட்டினேன். "இது எந்தக் கோயில்ல குடுக்கறாங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை, முதல் நாள். டப்பாவின் முகம் என் பக்கம் இருக்க வேண்டும். நான் அதைச் சபைக்கும் பிரசங்க பீடத்துக்கும் தெரியும்படி சாய்த்து வைத்தேன். ஐயா குனிந்து பார்த்தார்.

"இது இன்னாடா அசரியா?"

உங்கள் குரலை நான் எவ்வளவு அமுக்குகிறேன் என்று காட்டும் கருவி ஐயா, என்று ஒரு போதகரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "உங்க குரலை அளக்குது ஐயா" என்றேன்.

சங்கீதம் வாசிக்கையில் மூன்று விளக்கு எரிந்தது. ஐயா ஓரக்கண்ணால் பார்த்தார். குரலை ஏற்றினார். ஐந்து. இன்னும் ஏற்றினார். எட்டு! பெண்கள் பக்கத்திலிருந்து "ஆமென்" வந்தது. அதன்பிறகு அவர் எட்டை விட்டு இறங்கவே இல்லை. அவர் கத்தக் கத்த டப்பா அமுக்கியது. அமுக்க அமுக்க, போதவில்லை என்று அவர் கத்தினார். டப்பா அமுக்கியதற்கு மேலும் மிச்சம் இருந்தது. ஹாரனிலிருந்து வார்னிஷ் கருகும் வாசனை வந்தது.

கூட்டம் முடிந்ததும் எலிசபெத் டீச்சர் யூனிட்டைத் தொட்டு விரலை உதறினார். "தோசை ஊத்தலாம். இன்னும் ரெண்டு நாள் கீது, அசரியா."

தொண்டை கட்டிய ஐயா என் தோளைத் தட்டினார். "நாளைக்கு ஒம்பதாவது ஒண்ணு வெச்சிரு."

சனிக்கிழமை காலை, ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். என் மனைவி தபீதாள் கேட்டுக்கொண்டே வெங்காயம் அரிந்தாள். "ஐயாகிட்ட 'கத்தாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு பதிலா ஏழு மாசம் பொட்டி செஞ்ச ஆளு லோகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

ஒத்திகையை விட்டுவிட்டு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டேன். எட்டு எல்.இ.டி.யையும் பிடுங்கி, அவற்றின் கம்பிக் கால்களை இடம் வலமாகத் திருப்பி மறுபடி பற்றவைத்தேன். பொது ஒயரையும் இடம் மாற்றினேன். இப்போது மெதுவாகப் பேசினால் எட்டும் எரியும். கத்தினால் ஒவ்வொன்றாக அணையும்.

"எட்டும் எரிஞ்சா குரல் சரியா கீதுன்னு அர்த்தம் ஐயா" என்றேன். இதில் பொய் இல்லை.

அன்று சாயங்காலம் எரிகோ. ஐயா மூச்சை இழுத்து ஒரு குரல் கொடுத்தார். ஐந்து விளக்கு அணைந்தது. கரண்ட் போன வீட்டில் நிற்பவர்போல நின்றார். குரலைத் தணித்தார், விளக்குகள் திரும்பி வந்தன. அதன்பின் அவர் பேசியதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது போலத்தான். சபையே முன்னால் சாய்ந்து கேட்டது. எனக்கும் வேலை இல்லாததால் நானும் கேட்டேன். எரிகோவைச் சுற்றினவர்கள் ஆறு நாள் வாயே திறக்கவில்லையாம். பதினோரு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தும் எனக்குத் தெரியாத செய்தி.

ஞாயிறும் அப்படியே. எலிசபெத் டீச்சர் காய்ச்சல் பார்ப்பதுபோல் யூனிட்டை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனு கீது. அடுத்த வருஷமும் நீயே பாத்துக்க" என்றார். நான் என் கம்ப்ரஸரைப் பற்றி அவருக்குக் கால் மணி நேரம் விளக்கினேன். இதை நினைவில் வையுங்கள்.

இன்று தூசி தட்டலாம் என்று டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்த சின்ன பல்பின் இழை அறுந்து கிடந்தது. சனிக்கிழமை கவிழ்த்தபோது 'டிங்'கென்று ஏதோ கேட்டது ஞாபகம் வந்தது. விளக்குகளுக்கு மின்சாரம் அந்தப் பல்புக்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. அதனால் அவை ஒழுங்காக எரிந்து அணைந்தன. டப்பா மட்டும் அந்த இரண்டு நாளும் ஒன்றையும் அமுக்கவில்லை. ஹாரனைக் காப்பாற்றியது உங்கள் எட்டு விளக்கும் ஐயாவின் கண்ணும்தான்.

எலிசபெத் டீச்சரிடம் சொல்லவில்லை. கால் மணி நேர விளக்கத்தைத் திரும்பப் பெற எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. மேஜையும் போய்விடுமே.

ஆறு வோல்ட் பல்பு ஒன்று எடுத்து வையுங்கள், வரும் சனிக்கிழமை வருகிறேன். அது இல்லாமலே எல்லாம் நடந்தது. ஆனாலும் டப்பாவுக்குள் ஒன்று இருந்தால் டீச்சர் முகத்தைப் பார்க்கச் சௌகரியம். உங்கள் வீட்டில் லட்டு இருந்தால் அதையும் ஒன்று பொட்டலம் கட்டி வையுங்கள். சந்திரம்மாவுக்காவது அவள் கேட்டதை இந்த வாரம் கொடுத்துவிடலாம்.

மேஜைக்கு இன்னும் உரியவனான,
அசரியா